ஆணிக் காட்டில் ஐந்து சவரன்

அத்தியாயம் 6

மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயலில் நடப்பது சுகமான பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், அவர்களிடம் என் இடுப்பைக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

காலையிலிருந்து தோண்டிக்கொண்டே இருந்தேன். ஆணி. இன்னொரு ஆணி. வளைந்த ஆணி. இரண்டு ஆணிகள் கட்டிப்பிடித்துக்கொண்டு துருவேறிய ஒரு காதல் ஜோடி. கடைசியாக ஒரு பியர் டப்பாவின் மூடி வளையம். டன்கர்ரா ஊருக்கு வெளியே, எப்போதோ எரிந்துபோன மர விடுதி நின்ற வயல் அது. விடுதி சாம்பலாகிக் காற்றோடு போய்விட்டது. அதன் பலகைகளை அடித்து நிறுத்தியிருந்த ஆணிகள் மட்டும் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன.

"டூலி, அந்த வளையத்தைத் தூக்கிப் போட்டுடாதே," என்றார் டெல்மா நான்கர்விஸ். எங்கள் ஊரின் ஒரே துப்பறிவாளர், என் முதலாளி. ஈ மொய்க்காமல் இருக்கத் தொப்பியில் வலை தொங்கவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு தலைவி? யாருக்காவது நிச்சயதார்த்தமா?"

"இந்த மெஷினுக்குச் சவரனும் இந்த வளையமும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் ஒரே குரல். மெரின் திருடியா இல்லையான்னு இந்த வளையம்தான் நமக்குச் சொல்லப் போகுது."

விஷயம் இதுதான். மெரின் டக்வெல் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைப்பவள், முப்பத்தைந்து வயது இருக்கும். போன வாரம் எங்கள் டிடெக்டர் கிளப் கூட்டத்தில் "இந்த மாதம் கிடைத்தது" மேஜையில் ஐந்து பழைய தங்கச் சவரன் நாணயங்களைக் கொண்டுவந்து வைத்தாள். கிளப் தலைவர் லயனல் பெக்கெட், பழம்பொருள் கடைக்காரர், நாற்காலியை உதறிக்கொண்டு எழுந்தார். அது தன் தாத்தாவின் சவரன், தன் வீட்டு விருந்தன்று பெட்டியோடு காணாமல் போனது என்றார். அந்த விருந்தில் சாசேஜ் வறுத்தது மெரின்தான்.

மெரின், எரிந்த விடுதி வயலில் எடுத்தேன் என்றாள். போலீஸ் சார்ஜென்ட் பெவனை அழைத்து வந்து குழியையும் காட்டினாள். இன்று மாலை கிளப் கூட்டத்துக்குள் வேறு ஏதும் தெரியாவிட்டால் திருட்டு வழக்கு. வழக்கு விழுந்தால் திங்கட்கிழமை கேன்டீன் பக்கம் வர வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ஒருமுறை திருடி என்று பெயர் வாங்கினால், அடுத்த வேலைக்கு வேறு ஊர்தான் பார்க்க வேண்டும்.

எங்களை அமர்த்தியது மெரின் இல்லை. லயனல்.

மெரின் காட்டிய குழியில், ஒரு சாண் ஆழத்தில் வளையத்தைப் போட்டு மூடினேன். மேலே டிடெக்டரை வீசினேன். ஹெட்போனில் கரகரவென்று இரும்பின் உறுமல். குறுக்கே வீசினேன். அதே உறுமல். வளையத்தின் குரல் மருந்துக்குக்கூட இல்லை.

"போட்ட ஆளுக்கே கேக்கலையே," என்றேன்.

"கேக்காது. சுத்தி இருக்கிற ஆணி அதோட சத்தத்தை முழுங்கிடும். முதல்ல ஆணியையெல்லாம் பொறுக்கி எடுத்தாதான் உள்ள இருக்கிறது வாய் திறக்கும். மெரின் காட்டினது ஒரே ஒரு குழி. சுத்தி ஒரு ஆணியைக்கூடத் தோண்டின அடையாளம் இல்ல."

"அப்ப அவ சொன்னது பொய். கேஸ் முடிஞ்சுது. லயனலுக்குப் போன் பண்ணிட்டுச் சாப்பிடப் போலாம்."

டெல்மா தேநீரின் அடி வண்டலைப் புல்லில் கொட்டினார். "லயனல் நம்மகிட்ட வந்து என்ன சொன்னார், சொல்லு."

"'அவ நிஜமா எங்கே எடுத்தான்னு கண்டுபிடிங்க'ன்னார்."

"அப்புறம்?"

"'அந்த வயல் இல்லேன்னா வேற எந்த இடம், எந்தத் திசை'ன்னார். கிளம்பும்போது வாசல்ல நின்னு இன்னொரு தடவை, இடம் தெரிஞ்சா முதல்ல எனக்குச் சொல்லுங்கன்னார்."

"சவரனைப் பத்தி?"

யோசித்தேன். தாத்தா என்று ஒருமுறை சொன்னார். அதோடு சரி.

"பொருளைத் திருட்டுக் குடுத்தவன் பொருள் எப்ப திரும்பி வரும்னு கேப்பான்," என்றார் டெல்மா. "அவளே திருடியிருந்தா 'எங்கே எடுத்தா'ங்கிற கேள்வியே கிடையாது. அவர் வீட்டு அலமாரியிலதான் எடுத்தா. இவர் ஏன் இடத்தைத் தேடறார்?"

பசி மறந்துவிட்டது. குழியைக் காலால் மிதித்து மூடிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மெரின் வலைக்கதவைத் திறக்கவில்லை. உள்ளேயே நின்று பேசினாள்.

"நீங்க லயனல் ஆளுங்க. உங்ககிட்ட எனக்கு என்ன பேச்சு?"

"விடுதி வயல்ல எடுக்கலை நீ," என்றார் டெல்மா.

"அங்கதான் எடுத்தேன்."

"அந்தக் குழியில சவரன் இருந்திருந்தா உன் மெஷினுக்குக் கேட்டிருக்காது. எனக்கே இது தெரியுது. உனக்குத் தெரியாதா?"

வலைக்குப் பின்னால் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் தெரிந்தன.

"கேஸ் போட்டா போடட்டும்," என்றாள்.

"வேலை போயிடும்மா."

"தெரியும். நேத்து ஒரு குழந்தை கேன்டீன் ஜன்னல்ல வந்து நின்னுச்சு. 'உங்க கையால வாங்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு. சாப்பிடாமயே போச்சு." வலைக்கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டாள். "அங்கதான் எடுத்தேன். போய்ட்டு வாங்க."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லித் தொலைத்தால் என்ன? டெல்மா வாக்குவாதம் செய்யவில்லை. தலையாட்டிவிட்டு, வாசலுக்குப் போகாமல் பக்கவாட்டில் திறந்து கிடந்த கொட்டகைக்குள் நுழைந்தார். மெரின் தடுக்கவில்லை. அங்கே பெயின்ட் டப்பா ஒன்று நிறைய இரும்புக் குப்பை.

இங்கே கிளப் சட்டம் இரண்டைச் சொல்ல வேண்டும். முதல் சட்டம், தோண்டியெடுத்த குப்பையை மறுபடி மண்ணில் போடக் கூடாது, வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். போட்டால் அடுத்த வாரம் அதே ஆணியை நீயே தோண்டுவாய். இரண்டாவது சட்டம் எங்கும் எழுதப்படாதது. எடுத்த இடத்தை யாரிடமும் உண்மையாகச் சொல்லக் கூடாது. புருஷன் பெண்டாட்டியிடம் சொல்வதில்லை. எங்கள் ஊர்க் கிழவர் ஒருவர் சாகக் கிடந்தபோது பாதிரியாரிடமே தப்பான ஓடையைச் சொல்லிவிட்டுப் போனார்.

டெல்மா டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளினார். "உன் பாக்கெட்ல இருக்கிறதை எடு."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வயலில் நான் எடுத்தவை விரல் நீளத்தில், நெருப்பில் வெந்து கறுத்த பலகை ஆணிகள். மெரினுடையவை குட்டையாக, தட்டையாக, ஆப்பு போன்ற தலையோடு, நுனி மடிந்து கிடந்தன. கூடவே பாதி லாடமும் ஒரு சேணத்து வளையமும்.

"லாட ஆணி," என்றேன்.

"ம். அவ திருடலை, டூலி. உங்க ஆளுங்க எல்லாரும் சொல்ற வழக்கமான பொய்யைத்தான் சொன்னா. அதே பொய் அவ கழுத்தைச் சுத்திக்கிச்சு. சரி, ஊர்ல எல்லாரும் திருடிங்கறாங்க. அப்பவும் ஏன் மாத்திச் சொல்லல?"

"தலைவி, எங்க ஆளுங்க பைத்தியங்க. உயிரைக் குடுப்பாங்க, இடத்தைக் குடுக்க மாட்டாங்க."

"குழந்தை பட்டினியாப் போச்சுன்னு வருத்தப்படறவ வெறும் நாணயத்துக்காக வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டா. யாருக்காகவோ மூடியிருக்கா. இந்த வட்டாரத்துல பழைய குதிரை லாயம் எங்கெல்லாம் இருந்துச்சு?"

அந்தக் காலத்துக் கோச் வண்டிகள் குதிரை மாற்றிய லாயம் ஒன்றே ஒன்றுதான். ஆரின் பாஸ்கோவின் நிலத்தில். அவர் வேலியில் தொங்கும் பலகை ஊரறிந்தது: "டிடெக்டர் ஆட்கள் உள்ளே வரக் கூடாது. நாய் இருக்கிறது. நானும் இருக்கிறேன்."

டெல்மா சார்ஜென்ட் பெவனுக்குப் போன் செய்து, சீருடை இல்லாமல் தனியாக வரச் சொன்னார். பிறகு வலைக்கதவின் முன்னால் போய் நின்று, "பாஸ்கோ வீட்டுக்குப் போறோம். நீயும் வா," என்றார். மெரின் கதவைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது.

பாஸ்கோ எழுபது வயது தனிக்கட்டை. ஊருக்குள் வரமாட்டார், போனை எடுக்கமாட்டார். நாங்கள் சொன்னதைக் கேட்டதும் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மெரினையே பார்த்தார்.

"ஒரு வாரமா உன்னைத் திருடிங்கறாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு உங்களுக்கு வாக்குக் குடுத்தேன், ஆரின்."

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "கிளப் ஆளுங்க ஒரு தடவை ராத்திரி வேலி தாண்டி வந்தாங்க. தோண்டினாங்க, மூடாமப் போனாங்க. என் பெட்டைக் குதிரை அந்தக் குழியில காலை விட்டுச்சு. நானே சுட வேண்டியதாப் போச்சு." மெரின் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பொண்ணு வந்து, அவனுங்க விட்டுட்டுப் போன குழியையெல்லாம் முதல்ல மூடினா. அப்புறம்தான் தோண்டலாமான்னு கேட்டா. கிடைக்கிறதை நீயே வெச்சுக்க, எவன்கிட்டயும் சொல்லாதேன்னேன்."

"இப்ப சொல்லலாமா?" என்றார் டெல்மா.

"வாக்கு எனக்குக் குடுத்ததுதானே. நானே திருப்பித் தர்றேன். எடுத்துக்கம்மா."

சார்ஜென்ட் பெவன் கழுத்தைச் சொறிந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் இரண்டு முறை சந்தேகப்படுவார். "எனக்குப் புரியுது. ஆனா லயனல் என்ன சொல்வார்? ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்வார். நாணயம் மண்ணுலேருந்து வந்ததுக்கு என்ன ருசு?"

"அவளைத் தோண்டச் சொல்லுங்க," என்றார் டெல்மா. "நீங்க பக்கத்துல நில்லுங்க."

லாயம் இருந்த இடத்தில் இப்போது புல்தான். மெரின் டிடெக்டரின் நுனியில் சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவுள்ள சின்ன வட்டை மாட்டி, ஆமை வேகத்தில் வீசினாள். ஒரு இடத்தில் நின்றாள். தான் நின்ற பக்கத்திலிருந்து கால்வட்டம் நகர்ந்து, அதே இடத்தைக் குறுக்கே வீசினாள்.

"பக்கம் மாறினா ஆணியோட குரல் மாறிடும், இல்லேன்னா காணாமப் போயிடும்," என்று சார்ஜென்ட்டிடம் ஹெட்போனை நீட்டினாள். "இது மாறலை, கேளுங்க."

அவளே ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். நான்கைந்து இடத்தில் ஒன்றும் இல்லை. லாட ஆணியும், ஒரு பொத்தானும், என் நம்பிக்கையில் பெரும்பகுதியும் வெளியே வந்தன. வெயில் சாய ஆரம்பித்தது. டெல்மாகூட வலைக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பழைய கல்தொட்டியின் ஓரத்தில் மெரின் மறுபடி மண்டியிட்டு, துருக்கட்டி ஒன்றை எடுத்தாள். அதன் ஒரு பக்கத்தில் மஞ்சளாக ஒரு விளிம்பு எட்டிப் பார்த்தது.

சார்ஜென்ட் தன் கையாலேயே வாங்கினார். கட்டைவிரலால் அழுத்தியதும் சவரன் தனியாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

"கட்டியை உங்க கைக்குட்டையில சுத்தி வெச்சுக்கங்க," என்றார் டெல்மா. "சவரனைக் கழுவி என்கிட்ட குடுங்க. கூட்டத்துல நான் ஆரம்பிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

வண்டியில் நான் கேட்டேன். "தலைவி, லயனல் நம்ம கட்சிக்காரர். அது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார், கண்டுபிடிச்சேன். அவர்கிட்ட சொல்றேன்னு எப்பச் சொன்னேன்?"

கிளப் கொட்டகையில் லாமிங்டன் கேக்கும் தேநீரும் ஓடிக்கொண்டிருந்தன. உறுப்பினர்கள் வழக்கம்போல அவரவர் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, அடுத்தவன் பூட்ஸில் என்ன நிறத்து மண் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெரின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு இடம் போனார்.

லயனல் வாசலிலேயே எங்களைப் பிடித்தார். "இடம் தெரிஞ்சுதா?"

"விடுதி வயல் இல்ல," என்றார் டெல்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

"நான்தான் சொன்னேனே. வேற எங்கே?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சந்தேகம். உங்க பெட்டியில இருந்தது அஞ்சா?"

"அஞ்சு."

டெல்மா உள்ளங்கையைத் திறந்தார். "இது மெரின்கிட்டேருந்து வந்திருக்கு. அப்படின்னா இது உங்களது இல்லையா?"

லயனல் சவரனைப் பார்த்தார். மெரினைப் பார்த்தார். மறுபடி சவரனைப் பார்த்தார்.

"ஆறு," என்றார். "ஆமா, ஆறுதான். வயசாகுது, பாருங்க. அவ இதையும் எடுத்திருக்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாக்கணுமா என்ன? இதோ ஓரத்துல கீறல். தாத்தா கடிச்சுப் பாத்த இடம். சின்ன வயசுல இதைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன். வெல்வெட் பெட்டியை விட்டு வெளியே வந்ததே கிடையாது."

"அப்ப நீங்களும் பெட்டிக்குள்ளயேதான் தூங்குவீங்களா?" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். சார்ஜென்ட் பெவன் சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் பிரித்தார். லாட ஆணி ஒன்று துருவோடு சேர்ந்து கட்டியாகியிருந்தது. அந்தத் துருவில் வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்தில் ராணியின் முகம், இடவலம் மாறிப் பதிந்திருந்தது. சார்ஜென்ட் டெல்மாவின் கையிலிருந்து சவரனை எடுத்து அதில் வைத்தார். கீறல் முதற்கொண்டு அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது.

"இன்னிக்கு என் கண் முன்னாடி மண்ணுக்குள்ளேருந்து வந்துது," என்றார். "ஆணி இப்படி ஒட்டணும்னா, உங்க தாத்தாவுக்குப் பல் முளைக்கிறதுக்கு முன்னாடியே இது உள்ள போயிருக்கணும், லயனல்."

லயனலுக்கு நான் கொடுத்துவந்த மரியாதை இதோடு முடிந்தது. அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"இது உங்களது இல்லேன்னு சொல்லியிருந்தாலும் மாட்டியிருப்பீங்க," என்றார் டெல்மா. "ஆறாவது அவளுக்கு எங்கேருந்து வந்துச்சோ, அந்த அஞ்சும் அங்கேருந்துதானே வந்திருக்கும்? உங்க வீட்டுல எந்தச் சவரனும் தொலையலை. இருந்தாத்தானே தொலையும். உங்களுக்கு வேண்டியது இடம். திருட்டுப் பட்டம் கட்டினா பயந்துபோய் உளறிடுவான்னு நினைச்சீங்க. அவ உளறலை. அதனால மோப்பம் பிடிக்க எங்களை அமர்த்தினீங்க."

கடைசி வரிசையிலிருந்து மெரின் எழுந்தாள்.

"வருஷா வருஷம் உன் வீட்டு விருந்துக்கு வந்து அடுப்புல நின்னிருக்கேன், லயனல்," என்றாள். "என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாம். சொல்லியிருக்க மாட்டேன். ஆனா கேட்டிருக்கலாம்."

பொய்ப் புகாருக்குப் பதில் சொல்ல ஸ்டேஷனுக்கு வரும்படி சார்ஜென்ட் சொன்னார். லயனல் எழுந்து போனான். வாசலில் நின்று திரும்பினான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"எங்கே?" என்றான். "அதை மட்டும் சொல்லிடுங்க."

மொத்தக் கொட்டகையும் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டியது. சார்ஜென்ட் டெல்மாவைப் பார்த்தார். டெல்மா என்னைப் பார்த்தார்.

"எரிஞ்ச விடுதி வயல்லதான்," என்றேன். "தலைவி சும்மா உங்களைச் சோதிச்சாங்க. மெரின் காட்டின அதே குழி. முதல்ல சுத்தி இருக்கிற ஆணியைப் பொறுக்கணும், அவ்வளவுதான்."

ஒருவரும் நம்பவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வழியாகப் போனபோது வயலில் கிளப்பில் பாதிப்பேர் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி, தள்ளித் தள்ளி மண்டியிட்டு, ஆளுக்கொரு வாளி ஆணி சேர்த்திருந்தார்கள். மெரின் காட்டிய குழியின் பக்கம் லயனல். வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தேன். அவன் மண்ணுக்குள்ளிருந்து எதையோ பாய்ந்து எடுத்தான், சட்டையில் துடைத்தான், வெயிலில் தூக்கிப் பிடித்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் எடுக்க மறந்த பியர் மூடி வளையம்.

திங்கட்கிழமை கேன்டீன் திறந்திருந்தது. ஜன்னலுக்கு முன்னால் பிள்ளைகள் வரிசை தெருவரை நின்றது. மெரின் எனக்கு ஒரு சாசேஜ் ரொட்டியைக் கூடுதலாக வைத்துவிட்டு, நான் சொன்ன வளையக் கதையைக் கேட்டுச் சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"இன்னும் பொறுக்கிட்டு இருக்காங்களா?"

"வாளி வாளியா. வயல்ல ஒரு ஆணி மிஞ்சாது போல."

"நல்லது," என்றாள், அடுத்த குழந்தைக்குத் தட்டை நீட்டியபடி. "முழுசா முடிச்சுட்டா எனக்குச் சொல்லு. அந்த விடுதியில தினம் எத்தனை பேர் குடிச்சுட்டுச் சில்லறையைக் கீழ போட்டிருப்பாங்க. இத்தனை வருஷமா ஆணிதான் மறைச்சுக்கிட்டு இருந்துச்சு."